பளபளத்த பேஸ்மென்ட்

கரண்ட் பில்லைக் குறைக்க அரசாங்க உதவி கேட்டு விண்ணப்பித்திருந்தார், புலம்பெயர்ந்து வந்து குடியேறிய தவமலர். வீட்டைப் பார்வையிட வந்த அனுபமா தமிழ்நாட்டுப் பெண்.

"முதல்ல ரீ குடியுங்கோ பிள்ளை."

"பேஸ்மென்ட்டைப் பாத்துட்டு வந்துடறேன் ஆன்ட்டி."

தேய்த்துக் கழுவிய பேஸ்மென்ட் பளபளத்தது. அனுபமா மூலை முடுக்கெல்லாம் பார்த்தாள்.

"கரண்டை இழுக்கிற பழைய சாமான் எதுவுமே இல்லையே! இருந்தா, எடுத்துட்டு இலவசமா புதுசு கொடுப்போம். உங்களுக்குத் தேவைப்படல. பக்கத்து வீட்லயும் அப்ளை பண்ணியிருக்காங்க, வரேன் ஆன்ட்டி."

ரீ ஆறிப் போனது.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு நிரூபா ஓடி வந்தாள்.

"அன்ரி, எங்களுக்குப் புது ஃப்ரீசர் தரப்போகினமாம்! பழசை அவையளே ஏத்திக்கொண்டு போவினமாம்."

"ஐயோ, அது என்ர ஃப்ரீசர் எண்டு சொல்லேல்லையோ?"

"எப்பிடி அன்ரி சொல்லுறது? 'வாற பிள்ளை உந்தத் துருவேறிக் கறள் பிடிச்ச பழசைப் பாத்தால் என்ன நினைக்கும், ஒருத்தருக்கும் மூச்சு விடாதை' எண்டு, நேற்று நீங்கள்தானே அதை எங்கட வீட்டில கொண்டுவந்து ஒளிச்சு வைச்சனீங்கள்!"