மூன்றாவது வரிசைக் கறுப்புக் கோட்டு

"மூணாவது வரிசையில ஓரமா ஒரு கறுப்புக் கோட்டு உக்காந்திருக்கே, பாத்தீங்களா பர்னபே? மூஞ்சியப் பாத்தாலே தெரியுது, பத்திரிகைக்காரன். அந்த ஆள் கை தட்டியாகணும். தட்டலைன்னா நாளைக்கு நீங்க வேற வேலை தேடிக்கலாம்!"

முதல் அங்கம் முடிந்து திரை விழுந்ததும் விழாததுமாக, நாடக அரங்கின் முதலாளி துய்வால் வந்து இப்படிக் காதைக் கடித்துவிட்டுப் போனார். 

பாரிஸ் அரங்குகளில் கைதட்டல் தானாக வருகிறது என்று நம்புகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். இந்த அரங்கில் அது பர்னபேயிடமிருந்து வருகிறது. பெரிய சரவிளக்குக்கு நேர் கீழே தன் ஆட்களோடு உட்கார்ந்துகொண்டு, எங்கே தட்டுவது, எங்கே சிரிப்பது, எங்கே மூக்கைச் சிந்துவது என்று கைத்தடியாலேயே சாடை காட்டுவார். சம்பளத்துக்கு அழ ஹொர்தான்ஸ். சம்பளத்துக்குச் சிரிக்க கஸ்பார். பெரும்பாலும் எந்த நாடகத்தையும் கரை சேர்த்துவிடுவார்.

ஆனால் இந்த நாடகம் இருக்கிறதே, அப்பப்பா! ஐந்து அங்கம், அத்தனையும் செய்யுள். மூன்றாம் அங்கத்தில் விஷம் குடிக்கும் ராஜா ஐந்தாம் அங்கத்தில்தான் சாகிறான். போன மாதம் இதே மேடையில் ஒரு நாடகம் யாரோ அடித்த ஒரே சீட்டியில் படுத்துவிட்டது. இந்த ஊரில் சீட்டி என்பது பாராட்டு இல்லை, காறித் துப்புகிற மாதிரி. இன்னொன்று படுத்தால் துய்வால் சும்மா விடமாட்டார்.

"ஹொர்தான்ஸ் அக்கா, அந்த ஆள் பக்கத்துல போய் உக்காருங்க. நீங்க அழுற அழுகையில அவன் கரைஞ்சு போகணும்."

"போன தடவை இப்படித்தான் ஒருத்தன் பக்கத்துல உக்கார வெச்சீங்க தலைவரே. என் கண்ணீரைப் பாத்துட்டு என்னைக் கட்டிக்கிறேன்னு சொல்லிட்டான். வீட்ல ஒருத்தனுக்குச் சமைக்கிறதே போதும்னு இருக்கு!"

"இவனும் சொன்னா சொல்லிட்டுப் போறான். முதல்ல கையத் தட்டட்டும்!"

இரண்டாம் அங்கம். ஹொர்தான்ஸ் கைக்குட்டைக்குள் வெங்காயத்தை நசுக்கிக்கொண்டு விம்மினாள். கறுப்புக் கோட்டு, அவள் கண்ணீர் தன் கால்சட்டையில் விழாமல் முழங்காலை நகர்த்திக்கொண்டது. வேலைக்காரன் வேடத்தில் வந்தவன் ஏதோ உளற, கஸ்பார் கடகடவென்று சிரித்தான். வரிசை வரிசையாக ஜனங்கள் குலுங்கினார்கள். கறுப்புக் கோட்டு மட்டும் மெல்லத் திரும்பி, கஸ்பாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டது.

மூன்றாம் அங்கத்தில் ராஜா விஷக் கிண்ணத்தை எடுத்ததும் ஹொர்தான்ஸ் வீலென்று அலறி, அந்த ஆளின் தோளிலேயே மயங்கி விழுந்தாள். அவர் அவளை அலுங்காமல் நிமிர்த்தி, அவளுக்கு அந்தப் பக்கம் இருந்தவரின் தோளில் சாய்த்துவிட்டார்.

இடைவேளையில் மூன்று பேரும் தூணுக்குப் பின்னால் கூடினார்கள்.

"மனுஷனா அவன்?" என்று பொரிந்தாள் ஹொர்தான்ஸ். "வெங்காயமும் தீந்துபோச்சு. இனிமே என் மாமியார் இன்னும் உசுரோட இருக்கறதை நெனச்சுத்தான் அழணும்."

"எனக்கு விலா எலும்பு கழண்டுடும் போல இருக்கு தலைவரே," என்றான் கஸ்பார். "ஒரு கொட்டாவி விட்டாக்கூட, சரி, உசுரு இருக்குன்னு நம்பலாம்."

 வேலை போனால் பர்னபேக்கு வேறு என்ன தெரியும்? இந்த வயதில் எந்தக் கடைக்காரன் கைதட்டத் தெரிந்தவனை வேலைக்குச் சேர்ப்பான்?

"இங்க பாருங்க," என்றார் பர்னபே. "மிச்சம் ரெண்டே அங்கம். மூச்சு விடவும் இடைவெளி கூடாது. ராணி பேசினா தட்டுங்க, பேசாம நின்னா அழுங்க. ராஜா தும்மினாலும் 'ஆகா'ன்னு கத்துங்க. என் மானம் உங்க கையில இருக்கு!"

அப்புறம் நடந்ததை அந்த அரங்கம் அதற்கு முன் பார்த்ததில்லை. கைதட்டல் ஓய்வதற்குள் அழுகை, அழுகை அடங்குவதற்குள் ஆரவாரம். காசு கொடுத்து வந்தவர்களும் தொற்றிக்கொண்டு அழுதார்கள். ராஜா ஒருவழியாகச் செத்து விழுந்ததும் பர்னபே கைத்தடியைத் தூக்க, "இன்னொரு தரம்! இன்னொரு தரம்!" என்று கூட்டம் கூரையைப் பிய்த்தது. செத்த ராஜா எழுந்து, குனிந்து வணங்கி, மறுபடி விழுந்து செத்தான்.

திரை இறங்கியது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. கறுப்புக் கோட்டு எழுந்து நின்றது! தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டியது!

துய்வால் ஓடிவந்து பர்னபேயைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் மாறிமாறி முத்தமிட்டார். பர்னபேயின் கண்களிலிருந்து வெங்காயம் இல்லாமலே கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கூட்டம் கலைந்தபோது அந்த மனிதரே பர்னபேயைத் தேடிக்கொண்டு வந்தார். பர்னபே பதறிப்போய்க் குனிந்து வணங்கினார்.

"ஐயாவுக்கு நாடகம் ரொம்பப் பிடிச்சிருந்தது போல! பத்திரிகையில கொஞ்சம் நல்லபடியா..."

"எந்தப் பத்திரிகை? நாடகத்துல ஒரு வரிகூட என் காதுல விழல. நான் கை தட்டினது உங்களுக்குங்க!" என்ற அந்த மனிதர், கோட்டுப் பைக்குள்ளிருந்து, ஊதினால் சீட்டி வரும் துளைச் சாவி ஒன்றை எடுத்துக் காட்டினார். "சீட்டியடிச்சு உங்க நாடகத்தைக் கவுக்கச் சொல்லி எதிர் அரங்கத்துக்காரங்க அனுப்பின ஆள் நான். ஊத ஒரு நொடி அமைதி விட்டீங்களா பாவிங்களா? என் பொழப்புல மண்ணைப் போட்டதுக்கு, நாளையிலருந்து உங்க கூட்டத்துலயே எனக்கும் ஒரு எடம் கொடுத்துடுங்க!"