பவுடருக்கு அடியில்

"முகத்துல இருக்கிற பவுடரைக் கழுவிட்டு வாங்கம்மா" என்றார் தோல் டாக்டர்.

சின்னவளுக்குச் சுருக்கென்றது. அக்கா விலாவில் குழாய் செருகிக் கட்டிலில் கிடக்கிறாள், இந்த டாக்டரம்மாவுக்கு என் மூஞ்சிதான் கிடைத்ததா?

அக்காவும் தங்கையுமாகத் தையல் கடை நடத்துகிறவர்கள். நேற்றுக் காலை பெரியவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மூச்சு விட முடியலைடி" என்றாள்.

"ஆமா, திரைச்சீலை ஆர்டர் வந்தாலே உனக்கு மூச்சு முட்டும்" என்று சிரித்துக்கொண்டே மிஷினை ஓட்டினாள் சின்னவள். நாலு தையல் போடுவதற்குள் பெரியவள் துணி மூட்டை மேல் சாய்ந்துவிட்டாள்.

ஒரு பக்க நுரையீரல் காற்றுப் போன பலூன் மாதிரி சுருங்கிவிட்டதாம். அடியும் படவில்லை, இருமலும் இல்லை. காரணம் தெரியாமல் குழம்பிய வார்டு டாக்டர், பெரியவளின் காதுக்குப் பின்னால் எதையோ பார்த்துவிட்டுத் தோல் டாக்டருக்கு ஆள் அனுப்பியிருந்தார்.

ஈர முகத்தோடு வந்து நின்றாள் சின்னவள். மூக்கிலும் கன்னத்திலும் ரவை தூவினாற்போல் வெள்ளை வெள்ளையாய்ப் பொரிகள். இருபது வருஷமாகக் கட்டின புருஷனுக்குக்கூடச் சரியாகக் காட்டாதவை.

டாக்டர் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, லென்ஸை வைத்துக் குனிந்து பார்த்தார். எழுந்து போய்ப் பெரியவளின் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். அங்கே அஞ்சாறு. மறுபடி இவளிடம் வந்தார்.

"அரிக்குமா?"

"இல்லீங்க. வலியும் கிடையாது. வெறும் பருதானே டாக்டர்?"

"பரு இப்படி இருக்காது. யாருக்கு முதல்ல வந்தது? உங்களுக்கா, அக்காவுக்கா?"

சின்னவள் முந்தானையால் மூக்கை மறைத்துக்கொண்டாள். "எனக்குத்தான்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். அவள் மூக்கோரம் ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, ஒரு பொரியைக் கிள்ளி எடுத்துச் சின்னப் புட்டியில் போட்டு மூடினார்.

அந்த மூடி திருகின சத்தத்தில்தான் சின்னவளுக்கு அது தோன்றியது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரே படுக்கை. இன்றைக்கும் கடையில் ஒரே சீப்பு, ஒரே துண்டு. தன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான் தோல் வழியாக உள்ளே இறங்கி, அக்காவின் நுரையீரலைத் தின்றுவிட்டதா?

அதற்கப்புறம் அவள் கட்டில் பக்கமே போகவில்லை.

"ஏண்டி கதவுகிட்டயே நிக்கிற? கிட்ட வாயேன்" என்றாள் பெரியவள், ஈனக் குரலில்.

"இங்கேயே இருக்கேன்க்கா."

"என்மேல கோவமா?"

"ஐயோ, பேசாம படுக்க மாட்டியா நீ!" என்று அதட்டிவிட்டு, வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள்.

பொரியைக் கிள்ளி எடுத்த மூணாம் நாள் காலையில் இரண்டு பேருக்கும் வயிற்றில் ஸ்கேன் எடுத்தார்கள். "எனக்கு எதுக்கு?" என்று சின்னவள் கேட்டதற்கு, "கூடப் பிறந்தவங்களுக்கும் பார்க்கிறதுதான்" என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். இவளுக்கு மட்டும் இரண்டு தடவை எடுத்தாள். உடம்பு நடுங்கினதில் படம் கலைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் சின்னவள்.

மத்தியானம் டாக்டர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சின்னவள் கொட்டிவிட்டாள்.

"நான்தான் டாக்டர். என்கிட்டேயிருந்துதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சு. அவ மூச்சு முட்டுதுன்னு சொன்னப்பகூடக் கிண்டல் பண்ணினேன். அவ பொழைப்பாளா?"

"யாரும்மா சொன்னது ஒட்டிக்கும்னு? முதல்ல உட்காருங்க." டாக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "இது பரம்பரையா வர்றது. ரொம்ப அபூர்வம். தோல்ல இந்தப் பொரி வரும், அதால ஒரு கெடுதலும் கிடையாது. சில பேருக்கு நுரையீரல்ல காற்றுக் கொப்புளம் இருக்கும். உங்க அக்காவுக்கு அதுல ஒண்ணு உடைஞ்சிருக்கு. நீங்க என்ன பண்ணியிருந்தாலும் உடைஞ்சிருக்கும்."

"நிஜமாவா?"

"நிஜமாத்தான். நுரையீரல் விரிஞ்சிடுச்சு, குழாயை எடுத்துடலாம். உங்க அப்பாவுக்கு முகம் எப்படி இருக்கும்?"

"மூக்கெல்லாம் இதே மாதிரிதான். வெயில்ல அலைஞ்சதால வந்ததுன்னு சொல்வார். இப்ப அவர் இல்லைங்க."

"எப்படி இறந்தார்?"

"சிறுநீர்ல ரத்தம் போச்சு டாக்டர். கிட்னியில கட்டின்னு கண்டுபிடிக்கிறதுக்குள்ள கைமீறிப் போயிடுச்சு."

டாக்டர் தலையசைத்தார். மேஜை மேலிருந்த போன் அடித்தது. எடுத்துக் கேட்டவர், "இதோ வர்றேன்" என்று எழுந்து போனார்.

சின்னவள் வார்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தாள். நேரே கட்டிலுக்குப் போய், மூணு நாளாகத் தொடாத அக்காவின் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் இல்லைக்கா. உனக்கு ஒண்ணும் இல்லை. அப்பா கொடுத்துட்டுப் போனதாம்!"

"அவர் வேற என்னத்தைக் கொடுத்தார்?" என்று முனகிவிட்டு, பெரியவள் அந்தக் கையை இழுத்துக்கொள்ளாமலே தூங்கிப்போனாள். வெகு நேரத்துக்குப் பிறகு சின்னவளுக்கு மூச்சு சீராக வந்தது.

வாசலில் சக்கரங்கள் கிறீச்சிட்டன. வார்டு ஆயா தள்ளுநாற்காலியோடு வந்தாள், பின்னாலேயே தோல் டாக்டர், கையில் ஒரு ஸ்கேன் படத்தோடு.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "குழாய் எடுக்கவா டாக்டர்? இருங்க, அக்காவை எழுப்புறேன்."

டாக்டர் அவள் தோளில் கை வைத்தார்.

"அவங்க தூங்கட்டும்மா. உங்க கிட்னியில கட்டி சின்னதாத்தான் இருக்கு, எடுத்துடலாம். நீங்க இதுல உட்காருங்க."