தாடைக்குக் கீழே ஒரு கொக்கி

கடைசிப் பொறி அடங்கியதும் வெல்டரின் கை தானாக முகத்துக்குப் போனது.

கல்யாணத்துக்கு முந்தியே வந்த பழக்கம். முகமூடியைத் தூக்கி, பற்றவைத்த இடத்தை வெறுங்கண்ணால் ஒரு தடவை பார்த்தால்தான் அவனுக்குச் சோறு இறங்கும்.

கை, தாடைக்குக் கீழே இருந்த கொக்கியைப் பிடித்து இழுத்தது.

கொக்கி வரவில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு இழுப்பு இழுத்தான். அசைந்து கொடுக்கவில்லை. இதை மாட்டிய மகராசன் யாராக இருந்தாலும், கீழே போன கையோடு அவன் சீட்டைக் கிழித்துவிட்டுத்தான் மறுவேலை என்று கறுவினான். கூடவே நாலு கெட்ட வார்த்தையும் வந்தது. வானொலி திறந்திருந்தது வேறு விஷயம்.

மூன்றாவது இழுப்புக்கு இரண்டு கையையும் கொண்டுபோனபோதுதான், காலுக்குக் கீழே பூமி நிதானமாகச் சுற்றிக்கொண்டிருப்பது கண்ணில் பட்டது.

அவன் தொங்கிக்கொண்டிருந்தது விண்வெளி நிலையத்தின் வெளிச்சுவரில்.

சுற்றிலும் மருந்துக்குக்கூடக் காற்று இல்லை. வெல்டிங்குக்கான கறுப்புக் கண்ணாடியும், உள்ளே மூச்சுக்காற்றை அடைத்து வைத்திருக்கும் கண்ணாடியும் தலைக்கவசத்தில் ஒரே சட்டம். கொக்கி மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டிருந்தால், சட்டம் திறந்திருக்கும், இவன் கதை முடிந்திருக்கும்.

கொக்கியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். இது என் கைதானா என்று சந்தேகத்தோடு பார்த்தான். பயத்துக்கு நடுவிலும் முதலில் நினைவுக்கு வந்தது மனைவிதான். அவளுக்கு மட்டும் இது தெரிந்தால் ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவாள்.

சொல்லிக்காட்ட அவளுக்கு உரிமை இருந்தது. வீட்டு வாசலுக்குக் கேட் அடித்த அன்று, பற்றவைத்த சூடு தணியும் முன்பே முகமூடியைத் தூக்கினான். ஒரு சில்லு தெறித்துக் கண்ணில் விழுந்தது. ஒரு வாரம் ஈரத்துணியோடு கட்டிலில் கிடந்தான். எழுந்து வந்தவன் ஜன்னல் கம்பியை அடித்துவிட்டு, மறுபடியும் தூக்கினான். அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். மேலே போயும் இந்தக் கை சும்மா இருக்காது என்றாள். என் கை என் பேச்சைக் கேட்கும் என்று இவன் எகிறினான். அத்தோடு பேச்சுவார்த்தை நின்றது.

புறப்படும் அன்றும் அவள் முகம் கொடுக்கவில்லை. அவளுக்கு வேலை விண்வெளி உடுப்புப் பிரிவில். தலைக்கவசத்தை மடியில் போட்டுக்கொண்டு, இவன் பக்கம் திரும்பாமல், துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தாள். போகிற நேரத்தில் அப்படி என்ன வீம்பு என்று இவனும் முறுக்கிக்கொண்டு ஏறி வந்துவிட்டான்.

இப்போது அவளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் போல இருந்தது.

கயிற்றைப் பிடித்து ஊர்ந்து ஊர்ந்து உள்ளே வந்து சேர்ந்தான். கதவு மூடி, அறையில் காற்று நிரம்பியது. நிலையத்தின் தலைவி அவன் கழுத்து வளையத்தைத் திருகி, தலைக்கவசத்தை அப்படியே கழற்றினாள். அந்த வளையத்தைத் திருக எப்போதும் இன்னொரு ஆள் வேண்டும். தன் கை எட்டாது.

வானொலியில் கேட்ட கெட்ட வார்த்தைகளைப் பற்றி அவள் கேட்கவில்லை. கொக்கியைத்தான் பார்த்தாள். திருப்புளியை விட்டு நெம்பினாள். திருப்புளிதான் வளைந்தது. அவள் முகம் மாறியது.

"கொக்கி மேல இருந்த பூச்சையே காணோமே, பளபளன்னு தேய்ச்சு எடுத்திருக்காங்க! வெறும் உலோகமும் வெறும் உலோகமும் அழுந்தினா காத்தில்லாத எடத்துல தானா ஒட்டிக்கும்னு கீழ யாருக்குமே தெரியாதா? யாருங்க இதை உங்களுக்கு மாட்டிவிட்டது?"

கீழே ஒருத்திக்குத் தெரியும். இதே விஷயத்தை அவள் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது, அவன் புரையேறும்வரை சிரித்தான். நெருப்பில்லாமலே ஒட்டுமென்றால் என் பிழைப்பில் மண்தான், வெளியே சொல்லித் தொலைக்காதே என்றான்.

அவள் வெளியே சொல்லவில்லை.

வெல்டர் தலைக்கவசத்தை வாங்கி, விளக்கடியில் பிடித்து, கொக்கி ஒட்டியிருந்த இடத்தை வெறுங்கண்ணால் பார்த்தான். ஒரு பொறி பட்ட தடம் இல்லை. ஒரு பிசிறு இல்லை. கண் கலங்கியதால் இரண்டாம் தடவை துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

"யாருன்னு கவனிக்கலைங்க," என்றான். "ஆனா வேலை சுத்தம்."