குறைந்த விலையில் நல்ல கை

என் ரெக்கார்டு பிளேயர் கரகரத்தது. ஊசியைத் தாங்கும் கைதான் கோளாறு என்று முடிவு கட்டினேன். இரவு வேலையை விட்டுவிட்டு வீட்டில் கிடப்பவனுக்கு ஆராய்ச்சிக்கா நேரமில்லை? தினமும் மூக்கு உரசக் குனிந்து பழைய கையை அளந்தேன். கடைசியில் கொடுக்கும் காசுக்குத் தரமான புதுக் கை ஒன்றை வாங்கினேன்.

"இதுக்கப்புறமும் கரகரன்னா, பிளேயரே குப்பைக்குத்தான் போகும்," என்றாள் மனைவி.

மாட்டும் வேலையை மச்சானிடம் விட்டுவிட்டுத் தூங்கினேன். எழுந்து பாட்டைப் போட்டால், துல்லியம்!

"கேட்டியா? கைன்னா இதுதான் கை!" என்று மனைவியிடம் மார்தட்டினேன்.

மச்சான் தலையைச் சொறிந்தான். "மாமா, புதுசை இன்னும் பிரிக்கவே இல்ல. ஊசியில உங்க தாடி முடி சிக்கியிருந்துச்சு. எடுத்துப் போட்டேன்."

மனைவி பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

"இதைத் திருப்பிக் குடுத்துட்டு, ஒரு ரேசர் வாங்கிட்டு வாங்க."