சுவிட்ச் இந்தப் பக்கம்

நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறி, வெண்டிலேட்டர் வழியாக ஓரகத்தியின் அறையை எட்டிப் பார்த்தாள் மூத்தவள். அங்கிருந்து கூரை மட்டும்தான் தெரியும்; அவளுக்கு அது போதும். பல்பைக் கழற்றிவிட்டு, ஹோல்டரில் பிளக் செருகுகிற பழைய காலத்து அடாப்டரை மாட்டியிருந்தார்கள். அதிலிருந்து வயர் ஒன்று கீழே இறங்கியது.

"பட்டப்பகல்லயே ஆரம்பிச்சுட்டா பாருங்க."

"பாவம், அவ பக்கம் ஒரு பிளக் கூட இல்ல. தையல் மெஷினை வேற எதுலதான் ஓட்டுவா?" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல்.

வீட்டைப் பாகம் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியபோது, பிளக் எல்லாம் மூத்தவள் பக்கம் வந்துவிட்டன. பின்கட்டில் சின்னவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பல்பு. அதன் சுவிட்சும் சுவருக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

சொந்தக்காரர்கள் அத்தனை பேர் நடுவிலும் "அக்காவுக்கு மனசு ரொம்பச் சின்னது" என்று சொன்னவள் சின்னவள். அந்த ஆத்திரம் மூத்தவளுக்கு இன்னும் அடங்கவில்லை. மெஷின் ஓடும் சத்தம் கேட்டால் அவள் கை தானாகச் சுவிட்சுக்குப் போகும். சின்னவள் வந்து கெஞ்சும்வரை திரும்பப் போடமாட்டாள்.

இன்று மெஷின் ஓடவில்லை. மெல்லிய பேச்சுச் சத்தம்தான் கேட்டது. யாரோ துணி தைக்கக் கொடுக்க வந்திருக்கிறார்கள் போலும். நல்லதாய்ப் போயிற்று, வந்தவர் முன்னால் அவள் மானம் போகட்டும்.

"இன்னிக்காவது சும்மா இரேன். பையனுக்கு இன்டர்வியூ நடக்கற நேரம்."

"அதுக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?"

இரண்டு வருடமாக வேலையில்லாமல் இருந்த மகனுக்கு இன்று கடைசிச் சுற்று. "இங்க ஒரே தெருச்சத்தம்மா, ஃப்ரெண்ட் வீட்டுல உக்காந்துக்கறேன்" என்று, பேட்டரி செத்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். போன அவசரத்தில் செருப்பைக்கூட மாட்டவில்லை. அவனுக்கு மட்டும் வேலை கிடைத்துவிட்டால், சின்னவள் முகத்தில் கரியைப் பூசிவிடலாம்.

மகனுக்காக மனசுக்குள் வேண்டிக்கொண்டே சுவிட்சை அணைத்தாள்.

பேச்சு நின்றது. சுவரில் காதை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கெஞ்சட்டும், நன்றாகக் கெஞ்சட்டும்.

அந்தப் பக்கத்திலிருந்து யாரோ சுவரைப் படபடவென்று தட்டினார்கள்.

"அம்மா, சுவிட்சைப் போடும்மா."