அம்மை ஊசி

“காய்ச்சல், கீய்ச்சல் ஏதாவது இருக்கா?”

“இல்ல.”

“மருந்து எதுனா ஒத்துக்காம போயிருக்கா?”

“இல்ல.”

“நாள் தள்ளிப் போயிருக்கா?”

“இல்ல” என்றாள் ஜெயசுதா.

நர்ஸ் இசைவாணி மருந்துப் புட்டியைக் கையில் எடுத்தாள். “அமெரிக்காவுல வூட்டுக்காரரு இன்னா வேலை?”

ஜெயசுதா பதில் சொல்வதற்குள் திரையை விலக்கிக்கொண்டு மாமியார் ஆண்டாள் உள்ளே வந்தாள்.

“எம்மா, இது இன்னா ஊசி?”

“அம்மை ஊசிம்மா. அடுத்த வாரம் மெட்ராஸ்ல விசாவுக்கு மெடிக்கல் இல்ல? இது போட்டிருந்தாத்தான் வுடுவாங்க.”

“வாணாம். கீழ வையி.”

“ஏம்மா?”

“எங்க வூட்டுல ஆத்தா வந்தா வேப்பிலை கட்டி, தண்ணி ஊத்தி, மரியாதையா வழியனுப்பி வைப்போம். வராதேன்னு ஊசி போட்டுத் தடுக்கறதா? அவளுக்கு யாரு பதில் சொல்றது?”

கிளினிக்கில் அந்தத் திரை ஒன்றுதான் மறைப்பு. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்தே வந்துவிட்டார்கள். பாதிப் பேர் ஆண்டாளின் ஊரான மணலூர்பேட்டைக்காரர்கள், அவளைத் தெரிந்தவர்கள்.

“அத்தை, கொரோனா ஊசிக்கு ஊருல மொத ஆளா நீங்கதானே போய் நின்னீங்க?” என்றாள் ஜெயசுதா.

“அது நோவு. இது ஆத்தா.”

வெள்ளிமலையிலிருந்து குழந்தையைத் தூக்கி வந்திருந்த ஒரு பெண் சிரித்தாள். “மலை மேல இருக்கற நாங்களே புள்ளைங்களுக்குத் தவறாம போட்டுக்கினு வர்றோம். கீழ இருந்துக்கினு உங்களுக்கு இன்னாங்க வந்துச்சு?”

“மருமவ பிளேன் ஏறுறது புடிக்கல. அதுக்கு ஆத்தா மேல பழி” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

இசைவாணி பொறுமையாகத்தான் சொன்னாள். “ஊசி இல்லேன்னா விசா நின்னு போவும்மா. புருசன் பொண்டாட்டியைப் பிரிச்ச பாவம் உங்களுக்கு வேணுமா?”

“வந்தா வரட்டும்.”

மருமகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள் ஆண்டாள். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் சிரிப்பது தெரு வரைக்கும் கேட்டது.

எதிரே இருந்த வேப்பமரத்தடியில் வந்துதான் கையை விட்டாள். ஜெயசுதாவுக்கு அழுகை பொங்கியது.

“கல்யாணமாகி அவருகூட நான் இருந்த நாளே கொஞ்சம். இப்பத்தான் விசா கூடி வருது. நான் போறது புடிக்கலேன்னா நேரா சொல்லிடுங்க அத்தை. எதுக்கு இந்த நாடகம்?”

ஆண்டாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ தூரமாயி எவ்ளோ நாளாவுது?”

அழுகை சட்டென்று நின்றது.

“எம்மவன் தமிழு லீவுக்கு வந்துட்டுப் போனதிலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கேன். மீன் கொழம்பு கொதிச்சா நீ தோட்டத்துக்குப் போயிடற. ராத்திரி எழுந்து வாந்தி எடுக்கற. குழாயைத் தொறந்து வுட்டுட்டா எனக்குக் காது கேக்காதா?”

ஜெயசுதா தலை குனிந்தாள். “சொன்னா போக வுட மாட்டீங்கன்னு பயம். போன வாட்டி கலைஞ்சப்ப, இனிமே உண்டானா வாசப்படி தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்க.”

“சொன்னேன். அப்ப வயிறு எரிஞ்சுது, சொன்னேன். இப்ப சொன்னனா?”

தெருவில் கரும்பு டிராக்டர் ஒன்று வர, ஆண்டாள் மருமகளை ஓரமாக இழுத்துக்கொண்டாள்.

“ஊசி போடறதுக்கு முன்னால அந்த நர்சுப் பொண்ணு நாள் தள்ளிப் போச்சான்னு கேக்குதுன்னா சும்மாவா கேக்கும்? புள்ளைக்கு ஆவாத ஊசியாத்தான் இருக்கும். நீ இல்லைன்னுட்ட. திரைக்கு வெளிய நின்னு கேட்டுக்கினு இருந்தேன், அதான் உள்ள ஓடியாந்தேன்.”

ஜெயசுதாவின் கை தானாக வயிற்றுக்குப் போனது. “எனக்குத் தெரியாது அத்தை.”

“தெரிஞ்சா நீட்டியிருப்பியா கையை? போ. கூட்டம் கலைஞ்சதும் தனியா போயி அந்தப் பொண்ணாண்ட நெசத்தைச் சொல்லு. இப்படி இருக்கறவங்களுக்கு விசாவுல இன்னா வழின்னு கேளு. இல்லாமயா இருக்கும்? அங்க போறவங்கள்ல நீ ஒருத்திதான் புள்ளத்தாச்சியா?”

“நீங்களும் வாங்க அத்தை. உங்களைப் போயி எல்லாரும் எப்படிச் சிரிச்சாங்க. அங்கியே காரணத்தைச் சொல்லியிருக்கலாமே.”

ஆண்டாள் மரத்தடியில் குந்திக்கொண்டாள்.

“ஊரு சனம் அத்தினி பேரு எதிர்ல, என் மருமவ பொய் சொல்றான்னு நானே சொல்றதா? அதுக்குக் கெழவிக்குப் புத்தி கெட்டுப் போச்சுன்னு அவங்க சிரிச்சுட்டுப் போறதே மேலு.”