வினாடிக்கு 1.1 மீட்டர்

நோராவின் காதில் விழும்படி ஷெல்டனின் பெயரை எங்கள் அடையாறு அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. அவளும் சொல்வதில்லை. இருவரும் கணவன் மனைவியாக எங்களோடு வீடியோ கேம் உருவாக்கியவர்கள். ஜூன் மாத விபத்தில் அவன் போனபின் அவள் மட்டும் வருகிறாள்.

கேமில், சாந்தோம் தெருவில் நடந்துபோகும் ஒரு மனிதனை ஷெல்டன் அமைத்திருந்தான். நகர்ந்த தூரத்தை அதற்கு ஆன நேரத்தால் வகுத்து, அம்மனிதனின் வேகத்தைத் திரையின் மூலையில் காட்டுவோம். அது வினாடிக்கு 1.1 மீட்டர். தனியே நடக்கையில் ஷெல்டனின் வேகம் 1.4. நோரா ஒரு காலைத் தாங்கித்தான் நடப்பாள். ஞாயிறுதோறும் அவளோடு மாதா கோயிலுக்கு நடந்தபோது அவன் அளந்துவைத்த வேகமே 1.1.

அந்த நடையைப் பார்க்கப் பொறுக்காமல் எங்கள் குழுவின் ஹரி அம்மனிதனைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்கவைத்தான். நகர்ந்த தூரம் பூஜ்யம். திரையில் வேகம் 1.1 என்றே இருந்தது. வகுத்தல் கணக்கின் நிரலை அழித்துவிட்டு நான் புதிதாக எழுதினேன். அப்போதும் 1.1.

“இன்னா மச்சி இது, நிக்கிற ஆளுக்கு ஏது வேகம்?” என்று ஹரி கிசுகிசுத்தான். “நாளைக்கு ரிலீஸ். பேசாம ஆளையே தூக்கிடலாம்.”

நோரா எங்கள் பின்னால் நின்றிருந்தாள். அந்த எண்ணை வெகுநேரம் பார்த்தாள்.

“தூக்கிடு ஹரி,” என்றாள்.

பிறகு குனிந்து, நிற்கும் மனிதனின்மீது விரலை வைத்தாள்.

“ஷெல்டன், நீ முன்னால போப்பா. நான் மெதுவா வந்துர்றேன்.”